பார்வோனின் இருதயம்: கடவுளின் செயலும் மனித சித்தமும் பற்றிய ஒரு விளக்க வரலாறு

யாத்திராகமத்தின் முற்பகுதியை வாசிக்கும் எவரும் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்காமல் கடந்து செல்ல இயலாது. இஸ்ரவேலரைப் போகவிடும்படி பார்வோனுக்குக் கட்டளையிடுகிற கடவுளே, அவன் அக்கட்டளைக்கு இணங்காதபடி அவன் இருதயத்தைக் கடினப்படுத்தப் போவதாகவும் மோசேயிடம் அறிவிக்கிறார். கடினப்படுத்தியவர் கடவுளாயின் பார்வோன்மேல் குற்றம் சுமத்துவது எங்ஙனம் நீதியாகும்? கடினப்பட்டது அவனுடைய சொந்தச் செயலாயின் கடவுள் அதைத் தமது செயலாகக் கூறுவானேன்? வேதபாட வகுப்பிலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் போதகரிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா இது. ஏறத்தாழ பதினெட்டு நூற்றாண்டுகளாகத் திருச்சபையின் பேராசான்கள் இதற்கு விடை கூற முயன்றுள்ளனர்.

அவ்விடைகளின் வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய முற்படுகிறோம். எந்த ஆசான் வென்றார் என்று தீர்ப்பளிப்பது நமது நோக்கமன்று. இவ்வரலாற்றில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் புலப்படுகிறது. கடினப்படுத்தியவர் யார் என்ற வினாவுடன், கடினப்பட்டது யாருடைய இருதயம் என்னும் வினாவும் எப்போதும் மறைந்து நிற்கிறது. தன்னைக் குறித்தே அஞ்சி இப்பகுதியை வாசித்த சபைக்கு அது மருந்தாயிற்று. பிறரை நோக்கிச் சுட்டிக்காட்டிய சபையின் கையில் அது படைக்கலமாயிற்று. இதனை எடுத்துக்காட்டுவதே நமது முயற்சி.

1. மூலத்தின் சொற்கள்

பார்வோனின் இருதயம் கடினப்பட்டதை யாத்திராகமம் 4 முதல் 14 வரையுள்ள அதிகாரங்கள் இருபது முறை குறிப்பிடுகின்றன. அவற்றுள் பத்து இடங்களில் கடவுள் அவ்வாறு செய்ததாக அல்லது செய்யப்போவதாகச் சொல்லப்படுகிறது. மற்றப் பத்து இடங்களில் பார்வோன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்றோ, அவன் இருதயம் கடினப்பட்டிருந்தது என்றோ காண்கிறோம். தராசின் இரு தட்டுகளும் சமமாய் நிற்பதுபோல் இவ்வெண்ணிக்கை அமைந்துள்ளது.

நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவ்விடங்களில் பெரும்பாலும் 'கடினம்' என்னும் ஒரே சொல்லடியை ஆளுகிறது. எபிரெய மூலத்திலோ மூன்று வினைச்சொற்கள் உள்ளன. 'ஹாஸக்' என்னும் சொல் பன்னிரண்டு இடங்களில் வருகிறது. வலுப்படுத்துதல், உறுதியாக்குதல் என்பது அதன் பொருள். 'காபேத்' என்னும் சொல் ஆறு இடங்களில் வருகிறது. பாரமாதல், கனமாதல் என்பது அதன் பொருள். 'காஷா' என்னும் சொல் இரண்டே இடங்களில் (7:3, 13:15) வருகிறது, இதுவே கடினமாதலை நேராகக் குறிப்பது. 'காபேத்' என்ற சொல்லை யாவே மரபுக்கும், 'ஹாஸக்' என்ற சொல்லைப் பெரும்பாலும் குருத்துவ மரபுக்கும் உரியதாக மூல ஆய்வாளர் பிரித்துக் காட்டினர்.

எகிப்தியரின் நம்பிக்கையில் இறந்தவனின் இருதயம் நீதியின் இறகுக்கு எதிராகத் தராசில் நிறுக்கப்படும் என்பதை நாம் அறிவோம். அந்நாட்டு மன்னனின் இருதயம் பாரமாயிற்று என்று ஓர் எபிரெய எழுத்தாளர் கூறும்போது, அதைக் கேட்டவர்களுக்கு இந்த நியாயத்தீர்ப்பின் காட்சி நினைவுக்கு வந்திருத்தல் கூடும்.

நிகழ்ச்சிகளின் வரிசையும் கருதத்தக்கது. முதல் ஐந்து வாதைகளின் முடிவில், கடவுள் கடினப்படுத்தினார் என்ற கூற்று இல்லை. பார்வோனே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான், அல்லது அவன் இருதயம் கடினப்படுகிறது. ஆறாம் வாதையாகிய கொப்புளங்களின்போதுதான் (9:12) கர்த்தர் அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்று முதன்முறையாக வாசிக்கிறோம். ஏழாம் வாதையாகிய கல்மழைக்குப் பின் அவனே மறுபடியும் அதைச் செய்கிறான் (9:34). எட்டாம் வாதை முதல் கடவுளின் செயலே முன்னிற்கிறது. இவ்வரிசையை மட்டும் கொண்டு, முதலில் பார்வோன், பின்னர் கடவுள் என்று முடிவுகட்டினால் இடர்ப்பாடு நீங்கிவிடும் என்று சிலர் கருதுவர். ஆயினும் வாதைகள் தொடங்குமுன்னரே, 4:21-இலும் 7:3-இலும், கடவுள் தமது நோக்கத்தை அறிவித்துவிட்டார். ஆதலால் மூலம் நமக்கு எளிதான வழியைத் திறந்துவிடவில்லை. ஒரே இருதயத்தைப்பற்றிய இரு கூற்றுகளையும் அது அருகருகே வைத்து, இரண்டையும் நாம் கேட்கும்படி விடுகிறது.

2. திருமறைக்குள்ளேயே எழுந்த விளக்கம்

இப்பகுதிக்கு முதல் விளக்கம் தந்தவர்கள் திருச்சபையின் பிதாக்கள் அல்லர். திருமறைக்குள்ளேயே அதற்கு விளக்கம் உண்டு. அதுவும் நாம் எதிர்பாராதவரின் வாயிலிருந்து வருகிறது. உடன்படிக்கைப் பெட்டியைக் கவர்ந்து சென்று துன்புற்ற பெலிஸ்தருக்கு அவர்களுடைய பூசாரிகளும் குறிசொல்வோரும் ஆலோசனை கூறுகையில், எகிப்தியரும் பார்வோனும் செய்ததுபோல் நீங்களும் உங்கள் இருதயத்தைக் கடினப்படுத்துவானேன் என்று வினவுகின்றனர் (1 சாமு. 6:6). எகிப்தின் வரலாற்றை அவர்கள் தங்களுக்கே எச்சரிப்பாக எடுத்துக்கொண்டனர். பெட்டியைத் திருப்பியனுப்பினர். சித்தம் கட்டுண்டதா, கட்டற்றதா என்ற ஆராய்ச்சி அங்கு இல்லை, கீழ்ப்படிதல் இருந்தது.

இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகளும் இவ்வாறே செய்தனர். ஏசாயாவின் அழைப்பில் (6:9-10) இருதயம் கொழுத்துப்போகும் மக்கள் புறவினத்தார் அல்லர். தீர்க்கதரிசியின் சொந்த மக்களே. ஏசாயா 63:17-இல், கடவுளே எங்கள் இருதயத்தை ஏன் கடினமாக்கினீர் என்று சபை தன்னைக் குறித்தே புலம்பி மன்றாடுகிறது. 95ஆம் சங்கீதம் வனாந்தரத்தில் நடந்த முற்பிதாக்களைச் சுட்டி, ஆராதனைக்கு வந்து நிற்கும் கூட்டத்தை எச்சரிக்கிறது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஆசிரியர் 3ஆம் அதிகாரத்தில் அச்சங்கீதத்தையே எடுத்து, விசுவாசிகளுக்குள் ஒருவனும் கடினப்படாதபடி நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுமாறு வேண்டுகிறார். மாற்கு நற்செய்தியில் நம் ஆண்டவர் இருதயக் கடினத்தைக் குறித்துத் தம்முடைய சீஷரையே கடிந்துகொள்கிறார் (8:17).

பவுல் அப்போஸ்தலர் ரோமர் 9:17-18-இல் பார்வோனை எடுத்துக்காட்டும் பகுதியே பிற்கால வாதங்களுக்கெல்லாம் அடிநிலமாயிற்று. அப்பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து வாசித்தல் வேண்டும். தம் இனத்தாருக்காகத் தாமே சாபத்துக்குள்ளாகவும் விரும்பும் மனத்துயரத்தோடு அது தொடங்குகிறது (9:1-3). புறவினத்துக் கிறிஸ்தவர் மேட்டிமை கொள்ளாமல் அஞ்சவேண்டும் என்ற எச்சரிப்பு நடுவே நிற்கிறது (11:20). எல்லார்மேலும் இரக்கம் காட்டக் கருதிய கடவுளைப் புகழ்ந்து அது முடிகிறது (11:32-36). கண்ணீரில் தொடங்கித் துதியில் முடியும் பகுதியினின்று இரண்டு வசனங்களை மட்டும் பிரித்தெடுத்து வாதாடியதே பின்வந்த துன்பங்கள் பலவற்றிற்கு வழிவகுத்தது.

3. ஓரிகன்: ஒரே மழை, இருவகை நிலம்

மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலெக்சாந்திரியாவில் ஓரிகன் எழுதிய 'முதற்கோட்பாடுகளைக் குறித்து' என்னும் நூலின் மூன்றாம் பகுதி, பார்வோனின் இருதயத்தை விரிவாக ஆராய்கிறது. அவர் எழுதியதற்கு ஒரு காரணம் இருந்தது. மனிதர் பிறப்பிலேயே வெவ்வேறு இயல்புடையோர் என்றும், சிலர் ஆவிக்குரியவராய் இரட்சிப்புக்கென்றும் சிலர் மண்ணுக்குரியவராய் அழிவுக்கென்றும் பிறந்தனர் என்றும் வலந்தீனியர் முதலிய ஞானமார்க்கத்தார் கற்பித்துவந்தனர். பார்வோனே அவர்களுக்குச் சான்று.

ஓரிகனின் மறுமொழி கூர்மையானது. பார்வோன் இயல்பிலேயே அழிவுக்குரியவனாயின், அவன் இருதயத்தைக் கடவுள் கடினப்படுத்த வேண்டிய தேவை என்ன? கடினப்படுத்தவேண்டியிருந்தது என்பதே, அவன் இணங்கக்கூடியவனாயிருந்தான் என்பதற்குச் சான்றாகும் என்று அவர் வாதிட்டார். பின்னர் எபிரெயர் 6:7-8-ஐத் துணைக்கொண்டு, ஒரே மழை ஒரு நிலத்தில் பயிரையும் மற்றொன்றில் முள்ளையும் விளைவிக்கிறதென்றும், ஒரே சூரியன் மெழுகை உருக்கிச் சேற்றை இறுகச் செய்கிறதென்றும் விளக்கினார். கடவுளின் செயல் ஒன்றே, அது நன்மையே. அதை ஏற்கும் உள்ளங்களின் நிலைக்கேற்ப விளைவு வேறுபடுகிறது. நயந்து நடத்தியதால் கெட்டுப்போன வேலைக்காரனைப் பார்த்து, உன்னைக் கெடுத்தவன் நானே என்று தலைவன் சொல்வதுபோல் கடவுளின் கூற்றைப் புரிந்துகொள்ளவேண்டும் என்பது அவர் கருத்து.

இவ்விளக்கத்தால் ஓரிகன் பாதுகாத்த உண்மை பெரிது. பிறப்பினால் எம்மனிதனும் கடவுளுக்குப் புறம்பானவன் அல்லன் என்பதே அது. பிறப்பினால் மேல், கீழ் என்று மக்களைப் பிரிக்கும் எக்கோட்பாட்டுக்கும் எதிராக நிற்கும் இவ்வாதத்தை நம் நாட்டுத் திருச்சபை மறத்தலாகாது. எனினும், உள்ளம் மெழுகாவதும் சேறாவதும் எதனால் என்ற வினாவுக்கு ஓரிகனின் உவமை முழு விடை தரவில்லை. அவ்வினாவை அகுஸ்தீன் எடுத்துக்கொண்டார்.

4. அகுஸ்தீன்: கிருபையின் முதன்மை

அகுஸ்தீனும் தொடக்கத்தில் ஓரிகனுக்கு அணுக்கமான கருத்தையே கொண்டிருந்தார். ஏறத்தாழ 394-395-இல் ரோமர் நிருபத்தின் சில பகுதிகளுக்கு அவர் எழுதிய குறிப்புகளில், மனிதனின் விசுவாசத்தைக் கடவுள் முன்னறிந்து தெரிந்துகொள்கிறார் என்றும், பார்வோன் கடினப்பட்டது அவனுடைய முந்திய அவிசுவாசத்தின் தண்டனை என்றும் கூறினார். சுமார் 396-இல் மிலான் நகரத்துச் சிம்பிளிசியானுக்கு மறுமொழி எழுதும்போது இந்நிலை மாறிற்று. விசுவாசிக்கும் விருப்பமே கடவுளின் ஈவாயின், அதை மனிதனின் தகுதியாகக் கொள்வது எவ்வாறு? நமக்கு உண்டானவற்றுள் பெற்றுக்கொள்ளாதது எதுவுமில்லை என்னும் கருத்தைக் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் கண்டு, கிருபையே முந்துகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். தமது நூல்களை முதுமையில் மீளாய்வு செய்தபோது, மனித சித்தத்தின் உரிமைக்காகத் தாம் போராடியும் இறுதியில் கடவுளின் கிருபையே வென்றதென்று அவர் குறிப்பிட்டார்.

இக்கருத்தின்படி, கடினப்படுத்துதல் என்பது கடவுள் தீமையை உள்ளத்தில் புகுத்துவது அன்று, இரக்கத்தை நிறுத்திக்கொள்வதே. இது மக்களை முயற்சியற்றவராக்கிவிடாதா என்ற ஐயம் விரைவில் எழுந்தது. வட ஆப்பிரிக்காவின் அத்ருமேத்துமில் வாழ்ந்த துறவியர் சிலர், எல்லாம் கிருபையாயின் எங்கள் தலைவர் எங்களைக் கடிந்துகொள்வானேன், எங்களுக்காக ஜெபித்தால் போதாதா என்று வினவினர். அவர்களுக்கு 426-427-இல் எழுதிய 'கிருபையும் சுயாதீன சித்தமும்' என்னும் நூலில், கடவுள் தமது நீதியான தீர்ப்பினால் கடினப்படுத்தினார், பார்வோனும் தன் சித்தத்தினால் கடினப்படுத்தினான் என்று இரண்டையும் ஒருசேர அகுஸ்தீன் உறுதிப்படுத்தினார். யாத்திராகமத்தின் இரு தட்டுகளும் இங்கே மீண்டும் சமமாய் நிற்பதைக் காண்கிறோம். அத்துறவியரின் வினா துறவுமடத்தின் அன்றாட வாழ்விலிருந்து எழுந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. அகுஸ்தீன் ஒரு மேய்ப்பராகவே அதற்கு மறுமொழி எழுதினார்.

5. இடைக்காலம்: மூன்று நிகழ்ச்சிகள்

அகுஸ்தீனுக்குப் பின் நிகழ்ந்தவற்றுள் மூன்றை மட்டும் குறிப்பிடுகிறோம். முதலாவது, ஆர்ல் நகரத்துப் பேராயர் செசாரியுவின் தலைமையில் 529-இல் கூடிய ஒராஞ்சு சங்கம். விசுவாசத்தின் தொடக்கமும் கிருபையின் ஈவே என்று அது அறிக்கையிட்டது. அதேவேளையில், மனிதர் தீமைக்கென்று கடவுளால் முன்குறிக்கப்பட்டனர் என்பதை அருவருப்புடன் தள்ளிற்று.

இரண்டாவது, ஒன்பதாம் நூற்றாண்டின் துறவி கொட்சாக்கின் வழக்கு. முன்குறித்தல் இருவகைத்து, தெரிந்துகொள்ளப்பட்டோர்க்கு வாழ்வும் மற்றோர்க்குத் தண்டனையும் குறிக்கப்பட்டுள்ளன என்று அவர் கற்பித்தார். 848-இல் மைன்சு நகரிலும் 849-இல் கியேர்சியிலும் கூடிய சங்கங்கள் அவரைக் கண்டித்தன. கியேர்சியில் அவரைக் கசையால் அடித்து, தம் எழுத்துகளைத் தாமே நெருப்பிலிடச் செய்தனர். பின்னர் ஒரு மடத்தில் சாகும்வரை அடைத்துவைத்தனர். மனித சித்தத்தின் உரிமையைக் காக்கக் கூடியவர்கள் ஒரு மனிதனின் சித்தத்தைக் கசையினால் வளைக்க முற்பட்டனர். கோட்பாடு சரியாயிருந்தாலும் இருதயம் கடினமாயிருத்தல் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, திருச்சபைக்கு வெளியே பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதப் பேரறிஞர் மைமோனிதிஸ் தந்த விளக்கம். பார்வோன் தன் நாட்டில் தங்கியிருந்த அந்நியரைத் தன் சொந்த விருப்பத்தினாலேயே ஒடுக்கினான். அக்குற்றத்தின் தண்டனையாக மனந்திரும்பும் ஆற்றல் அவனிடமிருந்து எடுக்கப்பட்டது என்றார் அவர். இதில் ஒரு சிறப்பு உண்டு. சித்தத்தைப் பற்றிய வாதத்தில் கிறிஸ்தவ ஆசான்கள் பலர் மறந்துவிட்ட ஒன்றை அவர் நினைவூட்டினார். பார்வோனின் பாவம் வெறும் அவிசுவாசம் அன்று. ஏழைகளின் உழைப்பைச் சுரண்டியதும் அவர்களுடைய பிள்ளைகளைக் கொன்றதுமே அது. செங்கற்சூளையை மறந்து பார்வோனின் இருதயத்தை ஆராய்வது யாத்திராகமத்தைப் பாதியளவே வாசிப்பதாகும்.

6. எரஸ்மஸும் லுத்தரும்

1524 செப்டம்பரில் எரஸ்மஸ் 'சுயாதீன சித்தம்' பற்றிய தமது நூலை வெளியிட்டார். பார்வோனைப் பற்றிய பகுதியில் அவர் பெரும்பாலும் ஓரிகனையே பின்பற்றினார். தண்டனையைத் தாமதிக்கும் கடவுளின் பொறுமையே பார்வோனைக் கடினப்படுத்திற்று என்பது அவர் விளக்கம். மனிதனுக்குத் தெரிந்துகொள்ளும் ஆற்றல் சிறிதேனும் இல்லையாயின் திருமறையின் கட்டளைகளுக்கும் எச்சரிப்புகளுக்கும் பொருளென்ன என்று அவர் வினவினார்.

1525 டிசம்பரில் லுத்தர் 'அடிமைப்பட்ட சித்தம்' என்னும் நூலால் மறுமொழி அளித்தார். கடினப்படுத்தினார் என்ற சொல்லுக்குப் பொறுமை காட்டினார் என்று பொருள் கொள்வது திருமறையின் சொல்லை வளைப்பதாகும் என்று அவர் கண்டித்தார். கடவுள் சர்வவல்லவராய் எல்லாவற்றையும் இயக்குகிறார். நொண்டிக்குதிரையில் ஏறியவன் அதைச் செலுத்தினால் அது நொண்டியே நடக்கும். பிளவுபட்ட கோடரியால் தச்சன் வெட்டினால் வெட்டு பிழைபடும். அவ்வாறே கெட்ட சித்தத்தைக் கடவுள் இயக்கும்போது தீமை விளைகிறது. தீமை கருவியினுடையது, இயக்கம் கடவுளுடையது. பார்வோன் வெறுத்த வார்த்தையைக் கடவுள் அவன்முன் வைத்தபோது, தன் இயல்பின்படியே அவன் சித்தம் மேலும் இறுகிற்று.

இக்கடுமையான போதனையை லுத்தர் ஏன் விடாமல் பற்றிக்கொண்டார்? தமது இரட்சிப்பு தமது சித்தத்தில் தங்கியிருக்குமாயின் ஒருநாளும் தமக்கு நிச்சயம் கிட்டாது என்பதை மடத்துத் துறவியாய் அவர் அறிந்திருந்தார். சுயாதீன சித்தம் தமக்குக் கொடுக்கப்படுவதாயினும் அதை விரும்பமாட்டேன் என்னும் கருத்தை அந்நூலின் முடிவில் காண்கிறோம். நொறுங்குண்ட உள்ளத்துக்கு ஆறுதல் தருவதே அப்போதனையின் உயிர். 1537-இல் கப்பித்தோவுக்கு எழுதிய கடிதத்தில், தம் நூல்களுள் இதையும் ஞானோபதேசத்தையும் மட்டுமே தகுதியானவையாகக் கருதுவதாக அவர் குறிப்பிட்டார்.

ஆயினும் நாம் இங்கு நிற்றலாகாது. 1543-இல் அதே லுத்தர் 'யூதரும் அவர்தம் பொய்களும்' என்னும் நூலை எழுதினார். யூதர் கடினப்பட்டவர்கள், அவர்களை மனந்திருப்புவது கூடாத காரியம் என்று கூறி, அவர்களுடைய ஜெபாலயங்களை எரிக்கவும் வீடுகளை இடிக்கவும் ஆள்வோருக்கு ஆலோசனை தந்தார். தம் உள்ளத்தைக் குறித்துச் சொன்னபோது கிருபைக்கு வழிவிட்ட போதனை, அயலாரின் உள்ளத்தைக் குறித்துச் சொன்னபோது நெருப்புக்கு வழிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நாத்சிகள் அந்நூலைப் பரப்பித் தம் கொடுமைக்குத் துணையாக்கிக்கொண்டனர். பின்னர் லுத்தரன் சபைகள் இவ்வெழுத்துகளை வெளிப்படையாகத் தள்ளிவிட்டன. அமெரிக்க இவாஞ்சலிக்கல் லுத்தரன் சபை 1994-இல் வெளியிட்ட அறிக்கை அவற்றுள் ஒன்று. ரோமர் 9-ஐ வாசித்தவர் 11:20-ஐயும் அஞ்சி வாசித்திருப்பாராயின் 1543-ஆம் ஆண்டு நூல் எழுதப்பட்டிராது என்று நாம் துணிந்து கூறலாம்.

7. டோர்ட் சங்கம் முதல் வெஸ்லி வரை

கால்வின் தமது 'கிறிஸ்தவ சமயப் போதனைகள்' நூலின் 1559-ஆம் ஆண்டுப் பதிப்பில், கடவுள் வெறுமனே அனுமதித்தார் என்று சொல்லி யாத்திராகமத்தின் சொற்களை மெலியச் செய்வதை மறுத்தார். 1618-1619-இல் நெதர்லாந்திலுள்ள டோர்ட் நகரில் கூடிய சங்கம் தெரிந்துகொள்ளுதலின் உறுதியை நிலைநாட்டிற்று. எனினும் அவிசுவாசத்தின் காரணம் கடவுளில் இல்லை, மனிதனிலேயே உண்டு என்றும் அது திட்டமாய்க் கூறிற்று. அச்சங்கத்தின் முடிவுகளை ஒட்டி ஏறத்தாழ இருநூறு போதகர்கள் பதவியிழந்தனர். அவர்களுக்கு ஆதரவாயிருந்த முதுபெரும் அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே மாதத்தில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதில் அரசியற் பகையும் கலந்திருந்தது உண்மையே. கியேர்சியில் சித்த உரிமையைக் காத்தோர் செய்ததுபோன்ற கொடுமையை ஈண்டு கிருபையைக் காத்தோர் தரப்பிலும் காண்கிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி 1739-இல் 'இலவச கிருபை' என்னும் அருளுரையால் முன்குறித்தலை எதிர்த்தார். ஜார்ஜ் ஒயிட்பீல்டு 1740-இன் இறுதியில், ஜார்ஜியாவில் தாம் நிறுவிய அநாதை விடுதியிலிருந்து மறுமொழி எழுதினார். அவ்விருவரும் நண்பர்களாகவே இறந்தனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவ்விடுதியின் பிற்கால வரலாறு நம்மைச் சிந்திக்கச் செய்கிறது. ஜார்ஜியாவில் அடிமைமுறை தடைசெய்யப்பட்டிருந்தபோது அத்தடையை நீக்க வேண்டுமென்று ஒயிட்பீல்டு வாதாடினார். பின்னர் அடிமைகளின் உழைப்பால் அவ்விடுதியை நடத்தினார். வெஸ்லியோ 1774-இல் அடிமைமுறையைக் கண்டித்து நூல் எழுதினார். இதைக்கொண்டு ஒரு கோட்பாட்டை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துதல் தவறாகும். முன்குறித்தலை நம்பிய ஜான் நியூட்டன் அடிமை வாணிபத்தில் ஈடுபட்டிருந்தவர். 1788-இல் அவ்வாணிபத்துக்கு எதிராக எழுதினார். கோட்பாடு ஒன்றாயிருந்தும் ஒருவருடைய கண் திறந்தது, மற்றவருடையது திறக்கவில்லை.

8. செங்கற்சூளையிலிருந்து ஒரு வாசிப்பு

அமெரிக்காவின் அடிமைகள் யாத்திராகமத்தைச் செங்கற்சூளையின் பக்கத்திலிருந்து வாசித்தனர். அவர்களுக்குப் பார்வோன் பழங்கால மன்னன் அல்லன். ஞாயிறுதோறும் ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்த எஜமான். 1829-இல் பாஸ்டன் நகரில் டேவிட் வாக்கர் என்னும் கறுப்பினக் கிறிஸ்தவர் வெளியிட்ட முறையீடு, எகிப்தில் இஸ்ரவேலர் பட்ட பாட்டைவிடக் கிறிஸ்தவ அமெரிக்காவில் தம் மக்கள் படும் பாடு கொடியது என்று விரிவாக ஒப்பிட்டுக் காட்டிற்று. தப்பியோடிய அடிமைகளுக்கு வழிகாட்டிய ஹாரியட் டப்மன் 'மோசே' என்றே அழைக்கப்பட்டார்.

இவர்களின் வாசிப்பு, சித்தம் பற்றிய பழைய வினாவுக்குப் புதியதோர் ஒளி தருகிறது. எஜமானின் இருதயம் ஒருநாளில் கடினப்படவில்லை. மறுக்கப்பட்ட ஒவ்வொரு முறையீடும், இலாபத்துக்காகத் தள்ளிப்போடப்பட்ட ஒவ்வொரு நீதியும் அதன்மேல் ஒரு படலத்தைச் சேர்த்தது. இறுதியில் அவன் விரும்பினும் மாற இயலாதபடி அவனுடைய வீடும் வயலும் வங்கியும் சட்டமும் அவனைச் சூழ்ந்துகொண்டன. அடிமையைக் கட்டியவன் தானும் கட்டுண்டான். தன் சித்தத்தால் கடினப்படுத்தினான் என்பதும், கடவுளின் தீர்ப்பால் கடினப்படுத்தப்பட்டான் என்பதும் முரணான இரு கூற்றுகள் அல்ல, ஒரே வரலாற்றின் தொடக்கமும் முடிவும் ஆகும் என்பதை இங்கு உணர்கிறோம். தமது விளக்கவுரையை 1974-இல் வெளியிட்ட பிரெவர்டு சைல்ட்ஸ், அடையாளங்கள் தம் நோக்கத்தை நிறைவேற்றாதபடி நின்ற எதிர்ப்பையே கடினம் என்னும் சொல் குறிக்கிறது என்று காட்டினார். அடையாளத்தைக் கண்டும் காணாதிருத்தலே அதன் சாரம்.

9. நமது திருச்சபைக்கு

அடையாளங்களைக் கண்டவனே கடினப்பட்டான் என்ற இவ்வுண்மை நம்மை நம் சொந்த வரலாற்றுக்கு அழைத்து வருகிறது. தமிழ்த் திருச்சபை 1706 முதல் சுவிசேஷ போதனையையும், 1714-இல் அச்சேறத் தொடங்கிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டையும் பெற்றது. அத்தனை ஆண்டுகள் வார்த்தையைக் கேட்டபின்னும் ஆலயத்தில் சாதிவாரியாக அமர்ந்தோம். நற்கருணையிலும் முந்துவோர் பிந்துவோர் என்ற வேறுபாடு இருந்தது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபை உடனே முற்றிலும் விட்டுவிட வேண்டுமென்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதியபோது, தஞ்சை முதலிய இடங்களில் பலர் சாதியை விடாமல் சபையை விட்டனர். அந்நோயினின்று இன்றும் நாம் முழுமையாகக் குணமடையவில்லை. தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் சில ஊர்களில் இன்னமும் சாட்சி பகருகின்றன.

நற்செய்தியை ஏற்காத அயலாரைக் 'கடின இருதயத்தார்' என்று நம் ஜெபங்களிலும் அறிக்கைகளிலும் எளிதாகக் குறிப்பிடுகிறோம். திருமறை அச்சொல்லைப் பெரும்பாலும் யாருக்கு வழங்குகிறது என்பதை மேலே கண்டோம். வார்த்தையை ஒருமுறையும் கேளாதவனுக்கு இந்நோய் வருவதில்லை. பலமுறை கேட்டு, ஆம் என்று தலையசைத்து, வாதை நீங்கினதும் பழைய நிலைக்குத் திரும்புகிறவனுக்கே அது வருகிறது. பார்வோன் பாவஅறிக்கை செய்தவன் என்பதை நாம் மறந்துவிடுகிறோம், தான் பாவஞ்செய்ததாக அவன் இருமுறை ஒப்புக்கொண்டான் (9:27, 10:16). கல்மழை ஓய்ந்ததும், வெட்டுக்கிளிகள் நீங்கியதும் அவ்வறிக்கைகள் பயனற்றுப்போயின. வாரந்தோறும் பொது அறிக்கையைச் சொல்லும் சபைக்கும் அதை நடத்தும் போதகருக்கும் இது அச்சமூட்டும் செய்தியாகும்.

ஆகையால் இப்பகுதியைப் பிரசங்கிக்கும்போது இரண்டு காரியங்களை நினைவிற்கொள்ளல் நலம். முதலாவது, இருதயம் கடினப்படுவதில் கடவுளின் செயலையும் மனிதனின் பொறுப்பையும் யாத்திராகமம் சமமாய் நிறுத்தியிருக்க, நாம் ஒன்றை நீக்கி எளிமைப்படுத்தல் ஆகாது. ஓரிகன் காத்தது கடவுளின் நன்மையை. அகுஸ்தீனும் லுத்தரும் காத்தது கிருபையின் முதன்மையை. எரஸ்மஸும் வெஸ்லியும் காத்தது மனிதனின் பொறுப்பை. இவற்றுள் எதை இழந்தாலும் நற்செய்தி குன்றும். இரண்டாவது, இப்பகுதி எச்சரிப்பாக நமக்கும், இரக்கமாகப் பிறருக்கும் பேசவேண்டும். தன் இருதயம் கடினப்பட்டதோ என்று அஞ்சி வருகிற ஓர் ஆத்துமாவிடம் போதகர் துணிந்து ஆறுதல் கூறலாம். அவ்வச்சமே அதன் மென்மைக்கு அடையாளம். அஞ்சாதவருக்கு, முதலாவது தமக்கு, அவர் இப்பகுதியை உரக்க வாசிக்கட்டும்.

கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டுச் சதையான இருதயத்தை அருளுவதாக எசேக்கியேல் வாயிலாக (36:26) வாக்களித்தவர் கடவுளே. அவ்வாக்கு எகிப்துக்குக் கூறப்படவில்லை. சிறைப்பட்டுப்போன தம் சொந்த மக்களுக்கே கூறப்பட்டது. கல் தங்களிடத்திலேயே உண்டு என்று அறிக்கையிட்ட மக்களாக நாமும் அவ்வாக்கைப் பற்றிக்கொள்வோமாக.